நான்காம் பாகம் யாரிடம்?

ஏழு பாகமும் சேர்ந்து ஐந்து கிலோ எழுநூறு.
எங்கள் எடைமேடைக்கு அது புரியாது,
பத்து கிலோவுக்குக் கீழே எல்லாமே பூஜ்யம்.
எதிர்க்கடைக் கறித் தராசில் வைத்துப் பார்த்தேன்.
அட்டையில் ரத்தம் படாமல்
தினத்தாள் விரித்துக் கொடுத்தார் முனீர் பாய்.
"இவ்ளோ பெரிய கதையா? கடைசில இன்னா ஆவுது?"
"ராசா திரும்பி வர்றான் பாய்."
"அதுக்கா ஏழு?"

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர்கள்
நேற்று நின்ற இடத்திலேயே இன்றும்.
முதல் பாகத்தோடு வரிசையில் சேர்ந்த தசரதன்
துறைமுகக் கேட்டைத் தொட்டபோது மூன்றாவதில் இருந்தான்.
"சண்டை சூப்பரு. ஆனா ஒண்ணு கேக்குறேன்,
நாப்பதாயிரம் பேர் கீறான், ஒருத்தனும் சோறு துன்னல.
அரிசி யாரு ஏத்தினு வந்தது?
டிரைவரப் பத்தி ஒரு வரி கீதா?"

ஏகவல்லிக்கு ஸ்டான்லியில் இரவுப் பணி.
"தோள்ல அம்பு வாங்கினவன் மூணாம் நாள் குதிரை ஏறுறான்,
சீழ் இல்ல, ஜுரம் இல்ல,
ஏதோ பச்சிலையாம்" என்று சிரித்தாள்.
ஆனால் ராணி தன் கூந்தலை அறுத்துக்
கிணற்றுக்குக் கயிறு திரிக்கும் பக்கத்தில்
ஓரமாக ஒரு பென்சில் கோடு.
கேட்டால், கை தவறிப் பட்டது என்கிறாள்.
கோடு நேராக இருக்கிறது.

காசிமேட்டில் ஏலம் கூவும் செலஸ்டினாவுக்கு
அந்தப் பறக்கும் நாகம்தான் பிரச்சினை.
"செதிலே ரெண்டு டன்னு. முள்ளு வேற.
கிலோ நூத்தம்பதுக்கு மேல எவனும் கேக்க மாட்டான்.
அதுக்குப் போயி மூணு தேசம் அடிச்சிக்குது."

புத்தகங்கள் என் நாத்தனாருடையவை.
திருவான்மியூரில் அலமாரியை ஒழித்தபோது கொடுத்தாள்.
"நாலாவதைத் தாண்டிப் போயிடு.
வெறும் புகை, சாம்பல். கதையே நகராது."

நான் தாண்டவில்லை.

நாலாவதில் அவர்கள் வடக்கே போகிறார்கள்.
வடக்கு என்றால் கெட்ட நாடு.
வானத்தில் அணையாத தீ ஒன்று நிற்கிறது.
ஆறு கறுப்பாக, வெந்நீராக ஓடுகிறது.
பகலிலேயே பாதி இருட்டு.
நாயகன் மேலாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்கிறான்:
இங்கே மனிதர் எவரும் வாழ்வதில்லை.

மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போனேன்.
மணலிப் பக்கம் ஆலைச் சுடர் அதன் இடத்தில் இருந்தது.
கொடியில் மகனின் பள்ளிச்சட்டை.
இரண்டு தரம் உதறி எடுத்து வந்தேன்.

அதிலிருந்துதான் தகராறே.
"எழுதினவருக்குத் தெக்கால வூடு போல" என்றாள் செலஸ்டினா.
ஏகவல்லிக்குக் கோபம் வந்தது.
"கதைடி அது. எல்லாத்துலயும் நம்ம தெருவையே தேடினா
எந்த ஊருக்குத்தான் போவ?"
அவள் சொல்வதும் சரிதான்.
அந்தக் கயிற்றைப் படித்த இரவு
நானும் இந்த ஊரில் இல்லை.
தசரதன் ஒன்றும் சொல்லவில்லை.
நாலாவதை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிப் போனான்.

அவனிடமிருந்து அவன் கிளீனருக்கு,
கிளீனரிடமிருந்து டயர்க் கடைக்கு,
அங்கிருந்து யார் யாருக்கோ போய்
முதுகு பிய்ந்து, டேப் ஒட்டி, ஒரு மாதம் கழித்து வந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்:
வடநாட்டு வாயிற்காவலன் ஒருவன்
பெயர் இல்லாமல் அரை வரியில் செத்துப்போகிறான்.
அதனருகே நீலப் பேனாவில் யாரோ எழுதியிருந்தார்கள்:
நைட் ஷிப்ட்.

எங்களில் ஒருவர் கையெழுத்தும் இல்லை அது.
எல்லோரிடமும் காட்டினேன்.
செலஸ்டினா கூட விலை சொல்லவில்லை.

இப்போது மறுபடியும் காணோம்.
ஐந்தாவது மேசை டிராயரில் கிடக்கிறது, பிரிக்கவில்லை.
நேற்று தசரதன் வண்டி மேடையேறியது,
நாற்பத்தொரு டன் முன்னூறு.
கண்ணாடியைத் தட்டிக் கேட்டேன், "உன்கிட்ட கீதா?"
"இன்னாது?"
"நாலு."
பின்னால் முப்பது வண்டி ஹாரன் அடித்தது.
ரசீதை வாங்கிக்கொண்டு கியரைப் போட்டான்.
சீட்டுக்குப் பின்னால் ஏதோ நீலமாகத் தெரிந்தது,
போர்வையாகவும் இருக்கலாம்.